சிட்டி விடெக்: திரும்பி வராத ஒன்று

பெங்களூரில் கார் லோன் பைல் பார்த்தே தேய்ந்தவன் நான். அந்த பைலில் ஏறாத ஒரு சமாச்சாரம் இது.

2000-ல் வந்த ஹோண்டா சிட்டி விடெக்: 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், ஹைட்ராலிக் ஸ்டியரிங். ரோட்டின் ஒவ்வொரு நெளிவும் கைக்குத் தெரியும். 2003-ல் புது சிட்டி வந்தது. மைலேஜ்தான் குறி, திறன் வெறும் 77. ஸ்டியரிங்கும் மின்மோட்டாருக்கு மாறியது. ஹைட்ராலிக் பம்ப் எஞ்சின் ஓடும்வரை சக்தியைத் தின்னும். மோட்டார் திருப்பும்போது மட்டும்தான் தின்னும். கணக்கு சரிதான். சில்க் போர்டு நெரிசலில் லேசான ஸ்டியரிங் வரப்பிரசாதமும்கூட.

2008 சிட்டியில் குதிரைகள் திரும்பின, 118. ஸ்டியரிங் வழியே வந்த சேதி மட்டும் திரும்பவில்லை. குறைந்த குதிரையை எல்லோரும் கேட்டார்கள், கொடுத்தார்கள். எண்ணில் அடங்காததை யார் கேட்பது?