டைமிங்: அம்பாசடர் எஞ்சினும் பட்டறை அறிவும்

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். பயன்பாடும் பராமரிப்பும் அவ்வரலாற்றின் மையத்துக்கு வரவேண்டும் என்பது டேவிட் எட்ஜர்டனின் வாதம். எரியூட்டல் நேரம், மெக்கானிக்குகள் சொல்லும் ‘டைமிங்’, இவ்வாதத்துக்கு நல்லதொரு சான்று.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி எழவேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்று வேகத்தில், ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் தண்டு 18 பாகை திரும்பிவிடும்; வேகம் கூடினால் பொறியும் முந்தவேண்டும். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில், ஸ்டீயரிங் அருகிலிருந்த நெம்புகோலால் ஓட்டுநரே இதைச் செய்தார். பொறியை முந்தவிட்ட நிலையில் எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பினால், கைப்பிடி எதிர்த்திசையில் உதைத்து எலும்பை முறிக்கும். பின்னாளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகளும் வெற்றிடத்தால் இயங்கும் சவ்வும் அப்பணியை ஏற்றன.

ஆயினும் மனிதரின் தீர்ப்பு முற்றாக விலகவில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உற்பத்தியானது. அதன் 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. அந்நிறுவனக் கார்களின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், பொறியை முந்தவோ பிந்தவோ செய்ய விரலால் திருகும் சிறு திருகு ஒன்று இருந்தது. பெட்ரோலின் ஆக்டேன் தரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதை வடிவமைப்பாளரே ஏற்றதன் அடையாளம் அது.

பழுது காணும் முறையிலும் இவ்வறிவு படிந்துள்ளது. மேடேறும்போது எஞ்சினில் உலோகம் தட்டும் ஒலி எழுந்தால் பொறி முந்துகிறது எனலாம்; இழுவை குன்றிச் சூடேறினால் பிந்துகிறது. உடனே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பலாகாது. பாயிண்டின் குதி தேயத்தேய இடைவெளி குறுகும், அது தாமதமாகத் திறக்கும், பொறியும் பிந்தும். ஆகவே முதலில் அந்த இடைவெளியை ஏறத்தாழ 0.4 மி.மீ. ஆக்கவேண்டும். பிறகே டைமிங். சாவியைப் போட்டு, 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாயிண்டின் கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே இணைத்தால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது எரியும். அதன்பின்னும் குறை தீராவிடில், இறுகிப்போன எடைகளையும் கிழிந்த சவ்வையும் ஐயுறவேண்டும். இறுதித் திருத்தம் சாலையில், செவியைக் கொண்டு நிகழும்.

2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அதற்கான ஆணைகளை ஆவணங்களில் படிக்கலாம். ஆனால் எரிபொருள் மாறும்போதெல்லாம் அத்திருகை எவ்வளவு திருப்பினர், எவ்வொலியைக் கேட்டு நிறுத்தினர் என்பது மெக்கானிக்குகளின் நினைவில்தான் உள்ளது. மின்னணு எரியூட்டல் வந்தபின் அந்நினைவு அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படும் தேவையும் குறைந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் நிறுத்திய கார் அதைச் சொல்லாது. வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர்கள் பட்டறைகளுக்குச் செல்லவேண்டிய காலம் இது.