கோழிக்கோடு பல்கலைக்கழகக் கால்பந்து அணி

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பாலத்தில் 1968இல் தொடங்கப்பட்ட கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி. கேரளப் பல்கலைக்கழகத்தைப் பிரித்து இப்பல்கலைக்கழகம் உருவானபோது மாநிலக் கல்வியமைச்சராக இருந்தவர் சி. எச். முகம்மது கோயா.

அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பையை இவ்வணி முதன்முதலில் 1971இல் வென்றது. மூன்றே வயதான பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய காரியம். அப்போது அணித்தலைவராக இருந்த கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை 1973இல் முதன்முறையாக வென்ற கேரள அணியிலும் இடம்பெற்றார். பின்னரும் பலமுறை பட்டம் இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

வெற்றிக்குக் காரணம் வளாகம் அன்று, வட கேரளமாகிய மலபார் மண்ணே. அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் 'செவன்ஸ்' ஆட்டத்தில் அணிக்கு எழுவர்தான்; மைதானமும் சிறியது. நெருக்கடியில் பந்தைக் காலோடு வைத்திருக்கும் பழக்கம் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பதினொருவர் ஆட்டத்துக்கு வேண்டிய இடக்கணிப்பைச் செவன்ஸ் கற்றுத்தராது. அது பயிற்சியாளரின் வேலை. திருச்சூர், பாலக்காடு, கோழிக்கோடு, மலப்புறம், வயநாடு பகுதிகளின் இணைப்புக் கல்லூரிகளிலிருந்து வீரர்கள் தேர்வாகின்றனர்.