கிராமா, கிரெய்னா?

1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. கொடி மாறிய கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மருந்துத் தராசில் என்ன மாறியது என்று எனக்குச் சொன்னவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. காரைக்கால்மேட்டுக்காரர். நாற்பதுகளின் கடைசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்.

அன்றைக்குப் பல மருந்துகளைக் கையால்தான் தயாரிக்கணும். எடைபோட்டு, கல்வத்தில் அரைத்து, பொட்டலம் மடிக்கணும். மிக்சர் என்றால், வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதத்தை பாட்டிலில் ஒட்டணும். "மொத ஆறு மாசம் பாட்டில் கழுவுறதுதான் படிப்பு" என்பார்.

அடுத்த படிப்பு அளவு. பிரான்சில் 1840 முதலே மெட்ரிக் முறை கட்டாயம். அந்த வழியில் படித்த டாக்டர் கிராமில் எழுதுவார். காரைக்காலைச் சுற்றி இருந்ததோ பிரிட்டிஷ்காரர் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. அங்கே கிரெய்ன், டிராம், அவுன்ஸ். ஒரு கிராம் ஏறக்குறைய 15.4 கிரெய்ன். வம்பு என்னவென்றால், இரண்டையுமே 'ஜிஆர்' என்று சுருக்கி எழுதும் வழக்கம் இருந்தது.

மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரு வேளைக்கு 5 கிரெய்ன் கொய்னா கொடுப்பது சாதாரணம். அது கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதையே 5 கிராம் என்று படித்துவிட்டால்? காது இரையும், பார்வை போகும், இதயத்துடிப்பு தடுமாறும், ஆளே போய்விடலாம்.

"சீட்டு எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு கேட்டுட்டுத்தான் தராசத் தொடணும் தம்பி. கேக்க வெக்கப்பட்டா ஒரு உசுரு போயிடும்."

1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததும் இதே வகைக் கோளாறால்தான். ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்த எண்ணை, இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சீட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஒரு கம்பவுண்டர் இல்லை.

பிரெஞ்சுக்காரர் போனபின் தாத்தா கிரெய்னுக்குப் பழகினார். 1956இல் எடை, அளவைச் சட்டம் வந்து இந்தியாவே படிப்படியாக மெட்ரிக்குக்கு மாறியது. பழகி முடிப்பதற்குள் திரும்பவும் கிராம்!

புதுச்சேரியின் பிரெஞ்சு மருத்துவப் பள்ளிக்கு வரலாறு உண்டு. இன்றைய ஜிப்மர் அதன் வழிவந்தது. பாட்டில் கழுவித் தொழில் கற்றவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது, பதிவேடும் கிடையாது. ஆனால் டாக்டர் எழுதியது நோயாளியின் வாய்க்குப் போகும் முன் கடைசியாகச் சரிபார்த்தது அவர்கள் கைதான்.