உதிரிப்பாகமா, பதிவேடா? மறுபயன்பாட்டு நிரலும் அலுவலகப் பணிப்பாய்வும் இணைந்த வரலாறு

மறுபயன்பாட்டு நிரலின் வரலாற்றை 1968 அக்டோபரில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் மாநாட்டில் டக்ளஸ் மெக்இல்ராய் ஒரு கட்டுரை வாசித்தார். மற்றத் தொழில்களில் உதிரிப்பாகம் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள், பட்டியலைப் பார்த்து வேண்டியதை வாங்கலாம். மென்பொருளில் அப்படி ஒரு கடை இல்லாததால்தான் ஆளாளுக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறார்கள் என்பது அவர் வாதம். சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு போன்ற அலுவலகப் பணிப்பாய்வுகளில் பொது மாட்யூல்கள் வேரூன்றத் தாமதமானதற்கும் இதுவே காரணம் என்று நீட்டிச் சொல்வதுண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெக்இல்ராய் எடுத்துக்கொண்ட உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். கோணத்தின் சைன் மதிப்பைக் கணக்கிடும் துணைநிரல் அது. துல்லியம் 10 வகை, எண்முறை 2, கோண எல்லை 5, பிழைச் சோதனை 3. பெருக்கினால் 300 சைன் நிரல்கள். இத்தனையும் பட்டியலில் இருக்க வேண்டும் என்றார். தரவு அமைப்பும் அவர் பட்டியலில் உண்டு. ஆனால் சட்டைக்கு அளவு சொல்வதுபோல, வாங்குபவர் ஆர்டர் கொடுக்கும்போது சொல்லிவிடும் ஒன்றாகவே அதைக் கருதினார். சைனுக்குள் ஓர் எண் போகிறது, ஓர் எண் வருகிறது. போன எண் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. சம்பளப் பதிவு அப்படியல்ல. அது ஒரு அலுவலகத்தின் உடைமை. மாட்யூலுக்குள் போய்த் திருத்தப்பட்டு, அடுத்த மேசைக்கு நகர வேண்டியது.

பாகங்கள் இல்லாமலும் இல்லை. கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்கு 1951லேயே 87 துணைநிரல்கள் கொண்ட நூலகம் இருந்தது. பெரும்பகுதி கணிதம். அதற்குக் காரணமான டேவிட் வீலர், 1952ல் பிட்ஸ்பர்கில் வாசித்த இரண்டு பக்கக் கட்டுரையில், துணைநிரலை எழுதிச் சோதித்த பிறகும், உள்ளே இருப்பதை அறியாதவரும் பயன்படுத்தும்படி அதை விவரித்து எழுதும் வேலை மிஞ்சுகிறது, அதுவே எல்லாவற்றிலும் கடினமாக இருக்கலாம் என்றார். கார்மிஷுக்கு 16 ஆண்டுகள் முன்பே சிக்கலின் இடத்தை அவர் தொட்டுவிட்டார் என்பேன்.

எட்சாக்கைப் பார்த்து லண்டனின் லயன்ஸ் தேநீர்க்கடை நிறுவனம் கட்டிய லியோ கணினியில்தான் அலுவலக வேலை முதலில் ஓடியது. ரொட்டி, கேக் உற்பத்தியை மதிப்பிடும் கணக்கு அது. எப்போது என்பதற்கு மூன்று தேதிகள் வழங்குகின்றன: 1951 செப்டம்பர் 5 சோதனை ஓட்டம், நவம்பர் 17 பொதுவாகக் கொண்டாடப்படுவது, நவம்பர் 29-30 அந்த வேலை முழுவதையும் கணினி ஏற்றது. நிரல் ஓடிய நாளை எண்ணுவதா, அலுவலகம் அதை நம்பி இருக்கத் தொடங்கிய நாளை எண்ணுவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். பணிப்பாய்வின் வரலாற்றுக்குக் கடைசித் தேதியே பொருந்தும் என்பது என் சாய்வு. முடிந்த முடிவாகச் சொல்லவில்லை.

இப்போது நான் நெடுநேரம் நின்று பார்த்த ஒரு பாடத்துக்கு வருகிறேன். அலுவலக வேலைக்கான நிரல்மொழி கோபோல். ஐபிஎம் 360 வரிசைக் கணினிகளுக்கான அதன் பழைய வடிவில் வெளி மாட்யூலை அழைக்க மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டியிருந்தது: ‘என்டர் லிங்கேஜ்’, பிறகு ‘கால்’ என்று மாட்யூலின் பெயரும் ‘யூசிங்’ என்று பதிவுகளின் பெயர்களும், கடைசியில் ‘என்டர் கோபோல்’. மொழியை விட்டு வெளியே போகிறேன், வேலையை முடிக்கிறேன், திரும்பி வருகிறேன் என்று சொல்லிச் செய்யும் வடிவம். பிந்திய கம்பைலர்களில் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் தேவையற்றுப் போய், நடுவாக்கியம் மட்டும் நின்றது.

அழைக்கப்படும் மாட்யூலில் ‘லிங்கேஜ் செக்‌ஷன்’ என்றொரு பகுதி உண்டு. அங்கே எழுதும் பதிவு விவரணைக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. அழைத்தவரின் இடத்தின்மேல் விரித்துப் பார்க்கும் புல வரைபடம் அது. பட்டா அழைத்தவர் பெயரில்தான். வரைபடமும் நிலமும் ஒத்துப்போகின்றனவா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஊழியர் எண்ணுக்கு 6 இலக்கம், சம்பளத்துக்கு 7 இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் பெருக, அழைக்கும் நிரலில் ஊழியர் எண்ணை 7 இலக்கமாக்கிவிட்டு மாட்யூலை மறந்துவிடுகிறார்கள். 0123456 என்ற ஊழியரின் சம்பளம் 0045000. மாட்யூல் 012345 வரை படித்து நிறுத்தி, அடுத்த ஏழு இலக்கங்களைச் சம்பளமாக எடுக்கிறது: 6004500. பிழைச்செய்தி ஏதும் வராது. 45,000 என்பது 60,04,500 ஆகி வரிக்கணக்குக்குப் போய்விடும். மாட்யூல் பழுதற்றது, கடையில் வாங்கியதாக இருந்தாலும் இதுவே நடந்திருக்கும்.

இதற்கு மருந்தாக இருந்தது ‘காப்பி புக்’: பதிவு விவரணையை ஒரே இடத்தில் எழுதி, இரு பக்கமும் அதையே இழுத்துக்கொள்வது. அலுவலக நிரலாக்கத்தில் முதலில் நிலைத்த மறுபயன்பாட்டுப் பொருள் எந்தக் கணக்கையும் செய்யாத இந்த விவரணைதான் என்பது என் துணிபு. இதற்கு நேர்ச்சான்று மெலிந்தது. ஆயினும் தரநிலைகளின் வரிசை வலுவான துணை. கோபோலின் 1968 அமெரிக்கத் தரநிலையில் ‘காப்பி’க்கு இடம் உண்டு, ‘கால்’ இல்லை. நிரல்களுக்கிடையிலான தொடர்பு 1974 தரநிலையில்தான் சேர்கிறது. தரநிலையின் ஆண்டு வழக்கின் ஆண்டு ஆகாது. ஐபிஎம் பயனர்கள் அதற்கு முன்பே அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒப்பி ஏற்கக்கூடியதாக முதலில் தோன்றியது எது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. மெக்இல்ராய் கடை கேட்ட அதே 1968ல், அலுவலக மொழி பொதுப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறது.

1985 தரநிலை இன்னொரு படி போனது. ‘பை கன்டென்ட்’ என்று அழைத்தால் மாட்யூலின் கைக்கு நகல் மட்டுமே போகும். மூலப்பதிவில் அதனால் கை வைக்க முடியாது. எஸ்ஏபி நிறுவனத்தின் அலுவலக மென்பொருளுக்கான ஏபாப் மொழியில் ஃபங்ஷன் மாட்யூலின் உள்ளீடுகளை மைய டிக்‌ஷனரியில் பதிந்த வகைகளைக் கொண்டே அறிவிக்க முடிந்ததும் காப்பி புக்கின் வளர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

பணிப்பாய்வே தனி மென்பொருளான பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1993ல் அமைந்த பணிப்பாய்வு மேலாண்மைக் கூட்டமைப்பு 1995ல் வெளியிட்ட மாதிரியில் ஐந்து இடைமுகங்கள். மூன்றாவது, வெளி நிரல்களை அழைப்பதற்கு. ஐபிஎம்மின் டபிள்யூஎஸ்எஃப்எல்லும் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்லாங்கும் கலந்து 2002ல் பிறந்த பணிப்பாய்வு மொழியான பீபெல், 2007ல் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. அதில் வெளிச் சேவையோடு உள்ள உறவுக்கு ‘பார்ட்னர் லிங்க்’ என்று பெயர். ‘லிங்க்’ என்ற சொல் திரும்பி வந்ததை வைத்துக் கோபோலிலிருந்து நேர்க்கோடு இழுக்க மாட்டேன். பெயர் ஒப்புமை மரபுத் தொடர்ச்சிக்குச் சான்றாகாது. தேவை ஒன்றாக இருந்தது என்பது வரைதான் சொல்லத் துணிவேன். பீபெலில் ஒரு சேவையை அழைக்கும்போது அனுப்பும் மாறி வேறு, விடையை வாங்கும் மாறி வேறு. இரண்டும் பணிப்பாய்வின் பெயரில் இருக்கின்றன. வந்த விடையில் எந்தப் பகுதியை எங்கே சேர்ப்பது என்பதை, தனியே ஒரு ‘அசைன்’ எழுதி, பணிப்பாய்வே செய்கிறது.