செம்மணியின் என்புகளும் உறவினர் குருதியும்

1999 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், யாழ்ப்பாண நகரின் நுழைவாயிலில் உப்பங்கழியை அடுத்துக் கிடக்கும் செம்மணி வெளியில் மண் அகழப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னர், 1998 யூலையில், மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவ வீரர் சோமரத்ன ராஜபக்ச, அவ்வெளியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என மன்றிற் கூறியிருந்தார். அகழ்வில் வெளிப்பட்டவை 15 மட்டுமே. அவற்றுள் இரண்டு, 1996 இல் காணாமற்போன இளைஞர் இருவருடையவை என உறவினர் அடையாளங் கூறினர். அவ்வாண்டிற் குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமற்போயினர் எனச் சர்வதேச மன்னிப்புச் சபை கணித்திருந்தது. அத்தொகையோடு ஒப்புநோக்குமிடத்துப் பெயர் பெற்ற என்புகள் எத்துணைச் சிலவென்பது புலனாகும்.

மரபணுச் சோதனை அன்று உலகறியாத புதுமையன்று. 1984 செப்தெம்பரில் இலெசுற்றர்ப் பல்கலைக்கழகத்து அலெக் செஃப்ரீசு அதற்கு வழி கண்டுவிட்டார். அம்முறை முதன்முதற் பயன்பட்டது குற்றவாளியைப் பிடிப்பதற்கன்று என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 1985 இல், பிரித்தானியாவுக்குள் அனுமதி மறுக்கப்பட்ட கானா நாட்டுத் தொடர்புடைய சிறுவன் ஒருவன் தன் தாயின் மகனே என நிறுவுவதற்கே அது பயன்பட்டது. உறவை நிறுவும் கருவியாகவே அது பிறந்தது எனலாம்.

அதன் இயல்பும் அத்தகையதே. மனிதக் கலத்தின் டி.என்.ஏ.யிற் சில இடங்களில் ஒரு சிறு தொடர் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருமென்பது ஆளுக்காள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் தந்தையிடமிருந்தும் மற்றையது தாயிடமிருந்தும் வருவதாகும். தொடக்கத்தில் நல்ல நிலையிலுள்ள குருதி வேண்டப்பட்டது. பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் என்னும் பெருக்கல் முறை வந்த பின்னர் பல்லிலும் தொடையென்பிலும் எஞ்சிய சிற்றளவே போதியதாயிற்று. ஆயினும், என்பு தானாகப் பெயரைச் சொல்வதில்லை. அது தருவது எண்களின் வரிசை ஒன்றையே. அவ்வரிசையை வைத்து ஒப்பிடுதற்குத் தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ தம் குருதியைத் தந்திருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் ஆர்சென்ரீனாவின் பாட்டிமார் ஆவர். 1976 முதல் 1983 வரை நிலவிய இராணுவ ஆட்சியிற் பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பறிகொடுத்த அம்முதியோர், 1984 அளவில் மேரி கிளெயர் கிங் என்னும் அமெரிக்க மரபியலறிஞரின் துணையை நாடினர். தாம் இறந்த பின்னரும் ஒப்பீடு நிகழ வேண்டுமென்பதே அவர்தம் கவலை. 1987 இல் அந்நாட்டிற் சட்டத்தின் வழியாகத் தேசிய மரபணுத் தரவகம் நிறுவப்பட்டது. பேரனைத் தேடிய பாட்டி மறைந்தாலும் அவள் குருதி தேடிக்கொண்டேயிருந்தது. பொசினியாவிலும், 1995 இற் சிறெபிரெனிற்சாவிற் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் 7,000 பேரளவிற்கு அடையாளங் கிடைத்தமை பெருந்தொகையான உறவினரின் குருதி திரட்டப்பட்டதனாலாகும். செம்மணியில் உடல்கள் புதையுண்டதும் ஏறக்குறைய அதே காலத்திலேயே.

யாழ்ப்பாணத்துக்கெனச் சில இடர்கள் உள. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.யைச் சிதைப்பன, கழியோரத்து மண்ணில் இரண்டுமே உண்டு. இழைமணியின் டி.என்.ஏ. சிதைவிற் கூடுதலாகத் தப்புவது. எனினும் அது தாய்வழியாக மட்டும் வருவதால், ஒரே தாய்வழியினர் பலருக்கும் பொதுவாயமைந்துவிடும். மச்சான், மச்சாள் மணவுறவு வழங்கும் ஊர்களில் உறவினர் மரபணுவிலும் நெருங்கியிருப்பர். அங்கு ஒருவர் குருதி போதாது, இருவர் மூவருடையது வேண்டும். காணாமற்போனோருள் மணமாகாத இளைஞர் பலர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாமையாற் பெற்றோரும் சகோதரருமே எஞ்சிய சான்று. அகழ்வெல்லாம் முடியட்டும், பின்னர்க் குருதி எடுக்கலாம் என்போர் காரியத்தைத் தலைகீழாக வைக்கின்றனர். மண்ணுள் என்பு காத்திருக்கக்கூடும்; தாய் காத்திருத்தல் அரிது.

காலக்கணிப்பை இதனோடு மயக்குதல் கூடாது. 2018 இல் மன்னார் நகரிற் சதொச வளவில் 300 இற்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அங்கிருந்து அமெரிக்க ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகள் 15 ஆம் நூற்றாண்டுக்கும் 17 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை எனக் காபன் கணிப்புக் கூறியது. அம்முடிவு கடும் விவாதத்தை எழுப்பிற்று. காபன் எப்போது என்னும் வினாவுக்கே விடை தரும். யார் என்னும் வினா அதற்குப் புறம்பானது.

2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்திற் கட்டட வேலையின்போது மீண்டும் என்புகள் தென்பட்டன. மே மாதந் தொடக்கம் நீதவானின் மேற்பார்வையிலும் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் வழிநடத்தலிலும் நிகழ்ந்த அகழ்வில், செப்தெம்பருக்குள் 200 இற்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. சிறுவருடையனவும் அவற்றுள் இருந்தன. நீல நிறப் பாடசாலைப் பையொன்றும் பொம்மையும் வளையல்களும் உடன் கிடைத்தன. ஓகஸ்ட் 5 ஆம் நாள், நீதிமன்றக் கட்டளைப்படி, அப்பொருள்களும் உடைகளும் உறவினர் கண்டு அடையாளங் காட்டுதற்காக மயானத்தில் வைக்கப்பட்டன. 1999 இற் போலவே அன்றும் கண்ணே சாட்சிக்கு அழைக்கப்பட்டது. 1996 இல் நாற்பது வயதினளாயிருந்த ஒரு தாய்க்கு அன்று அறுபத்தொன்பது வயது.