படைக்கு எவ்வளவு நிலம்?
யாழ்ப்பாணக் குடாநாட்டின் இராணுவ நிலத்தேவை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தை ஆள்வோர் யாவரும் அதனை அளப்பர். ஆயினும் எல்லோரும் ஒரே கோலால் அளப்பதில்லை. உழவன் பரப்பாலும் குழியாலும் அளக்கும் மண்ணைப் படைத்தலைவன் பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரத்தால் அளக்கிறான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விரு அளவைகளும் நானூறு ஆண்டுகளாக ஒரே மண்ணின்மீது பயின்று வந்துள்ளன. படைக்கு வேண்டிய நிலமும் கட்டடமும் எவ்வாறு கணிக்கப்பட்டன, அக்கணிப்பில் எவை இடம்பெற்றன, எவை இடம்பெறவில்லை என்பன குடாநாட்டு வரலாற்றில் ஆழ்ந்து நோக்கற்பாலன.

முதலிற் குடிமக்களின் அளவையைக் காண்போம். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். தோட்டக் காணிகளை இவ்வாறு அளப்பது யாழ்ப்பாண வழக்கு. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. உறுதியில் அப்பெயரும், பரப்பும், நான்கு எல்லைகளும், கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கும் எழுதப்படும். 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமை, உடன்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்த பின்னரே ஒருவன் தன் காணியைப் பிறருக்கு விற்கலாம் என்ற முறையைப் பதிவு செய்துள்ளது. சொந்தக்காரனே தன் விருப்பப்படி கைமாற்ற இயலாத அளவுக்கு உறவுகளோடு பின்னிப் பிணைந்ததொரு பொருளாகக் காணி இங்கு கருதப்பட்டது. இந்நிலைமையை மனங்கொண்டே படைகளின் அளவையை நோக்குதல் வேண்டும்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போத்துக்கேயர், அரசிருக்கையை நல்லூரிலிருந்து கடற்கரைப் பட்டினத்துக்கு மாற்றினர். இம்மாற்றத்துக்குப் படைக் கணக்கே அடிப்படை எனலாம். நல்லூர் உள்நாட்டு நகர். கப்பல்வழி உதவி அதனை எளிதில் எட்டாது. கடனீரேரியின் கரையில் எழுந்த கோட்டையோ கோவாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வரக்கூடிய உணவையும் ஆட்களையும் நேரே பெறத்தக்கது. நாற்கோண வடிவில் அமைந்த அக்கோட்டைக்குத் துணையாகக் காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர்நடுவிற் கடற்கோட்டை எழுந்தது. பின்னர் ஒல்லாந்தர் அதற்கு அமன்கீல் எனப் பெயரிட்டனர்.

1658இல் இக்கணக்கு சோதனைக்கு உள்ளாயிற்று. ஒல்லாந்தப் படை மூன்று மாதங்களுக்கு மேலாக யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டது. போர்வீரருக்கென அமைந்த அரணுக்குள் அடைக்கலம் தேடிவந்த குடும்பங்களும் நிறைந்திருந்தன. உணவுக் குறைவும் நோயும் வாட்ட, அவ்வாண்டு ஜூன் மாதத்திற் கோட்டை சரணடைந்தது. எத்தனை பேருக்கு எத்தனை நாளைக்கு உணவும் நீரும் இடமும் வேண்டும் என்ற கணக்கிலேயே ஓர் அரணின் உயிர் தங்கியுள்ளது என்பதை இம்முற்றுகை உணர்த்தியது.

வென்றவர்கள் பாடத்தை நன்கு கற்றனர். ஒல்லாந்தர் பழைய கோட்டையை நீக்கி ஐங்கோண வடிவிற் புதியதொன்றை அமைத்து 1680இல் நிறைவேற்றினர். ஒரு கொத்தளத்தின் பக்கத்தை அடுத்த கொத்தளத்துப் பீரங்கி காக்கும்வண்ணம் கோணங்கள் வகுக்கப்பட்டன. ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து முதலிய தம் நாட்டு மாகாணப் பெயர்களையே சூட்டினர். அகழி, ஆளுநர் இல்லம், படைவீடு, பண்டகசாலை, 1706இற் கட்டப்பட்ட சிலுவை வடிவத் தேவாலயம் ஆகியன அதனோடு அமைந்தன. கோட்டைக்கும் பட்டினத்துக்கும் இடையே பெருவெளியொன்று விடப்பட்டது. பகைவன் மறைந்து நெருங்குவதற்கு வீடோ மரமோ வேலியோ இருத்தலாகாது என்பது அக்காலக் காப்புக்கலையின் விதி. முற்றவெளி என இன்று வழங்கும் நிலம், பீரங்கியின் பார்வைக்கெனப் பட்டினம் விட்டுக்கொடுத்த இடமேயாகும். குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் ஆனையிறவும் அதனை அடுத்த சிறு காவலரண்களும், கடனீரேரியின் மறுகரையிற் பூநகரிக் கோட்டையும் தெற்கு வழியைக் காத்தன.

இதே ஒல்லாந்தர்தாம் குடிமக்களின் காணிகளையும் தோம்புகளிற் பதிந்தனர். ஊர்தோறும் காணியின் பெயர், அளவு, உடையவன், அவன் செலுத்தவேண்டிய இறை ஆகியன அவற்றில் எழுதப்பட்டன. குடிகளின் ஊழியமும் கணக்கில் வைக்கப்பட்டது. கோட்டைக்கு வேண்டிய முருகைக்கல்லும் சுண்ணாம்பும் பனைமரமும் மனித உழைப்பும் இந்நாட்டிலிருந்தே திரட்டப்பட்டன. ஆகவே தோம்பும் கோட்டையும் ஒன்றையொன்று சார்ந்தவை. எனினும் தோம்பு குடிமகன் அரசுக்குத் தரவேண்டியதையே கணக்கிட்டது. அரசு அவனுக்குத் தரவேண்டியதைக் கணக்கிடவில்லை.

தேவை என்பது தானாகக் குறைவதில்லை என்பதற்கும் இக்கோட்டையே சான்று. 1680இல் உட்கோட்டை முடிந்த பின்னரும் புறவரண் வேலைகள் இடம்பெற்று, 1792இலேயே முற்றுப்பெற்றன. மூன்றாண்டுகளின் பின், 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயப் படை வந்தபோது, அக்கோட்டை ஒரு குண்டும் சுடாது சரணடைந்தது. அஞ்சிய போர் நிகழவே இல்லை. அதற்கென எடுத்த நிலமும் கல்லும் மட்டும் எஞ்சின.

ஆங்கிலேயர் ஆட்சியின் பெரும்பகுதியிற் குடாநாட்டுக்கு வெளிப்பகை அச்சம் இருக்கவில்லை. கோட்டைக்குள் சிறைச்சாலை இயங்கிற்று. முற்றவெளி மக்கள் கூடும் இடமாயிற்று. இரண்டாம் உலகப்போரே நிலைமையை மாற்றியது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அப்போர்க் காலத்திலே பலாலியில் விமானத்தளம் அமைக்கப்பட்டது. இது முற்றிலும் புதியவகைத் தேவை. கோட்டை ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்பது; ஓடுபாதை நெடுந்தூரம் படுத்துக் கிடப்பது. அது கிணற்றையோ கோயிலையோ சுற்றி வளைந்து செல்லாது. சமதரையான செம்மண் தோட்டங்கள் உழவனுக்கு எக்காரணத்தால் உகந்தனவோ, அக்காரணத்தாலேயே விமானத்துக்கும் உகந்தனவாயின. போர் முடிந்த பின் இத்தளம் குடிமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பரில் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எயார் சிலோனின் முதல் விமானம் இவ்வழியாகவே சென்றது.

1980களில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பழைய அளவைகள் மீண்டும் உயிர்பெற்றன. 1990 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை மீண்டும் முற்றுகைக்குள்ளாகி, செப்டெம்பர் இறுதியில் இராணுவத்தினராற் கைவிடப்பட்டது. படையினர் மீண்டும் அங்கு நிலைகொள்ளாதவாறு விடுதலைப் புலிகள் அதன் பகுதிகளைத் தகர்த்தனர். இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற தேவாலயமும் அப்போரிலே அழிந்தது. படைத்தேவை என்ற ஒரே நியாயத்தைக் கொண்டு ஒரு தரப்பு நிலத்தைப் பிடிக்க, மறுதரப்புக் கட்டடத்தை இடித்தது.

அதே ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி, மயிலிட்டி, தையிட்டி, வயாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை ஆகிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் எதிரியின் பீரங்கி எட்டாதவாறு காப்பதே வலயத்துக்குக் கூறப்பட்ட நியாயம். இங்கும் முற்றவெளியின் விதியே செயற்பட்டது; தூரம் மட்டும் மாறியிருந்தது. ஒல்லாந்தர் காலப் பீரங்கிக்கு ஒரு மைதானம் போதியதாயிருந்தது. 130 மில்லிமீற்றர் பீரங்கியோ ஏறத்தாழ 27 கிலோமீற்றர் எட்டக்கூடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அகலமே பல இடங்களில் அதனிற் குறைவு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பின் இவ்வச்சம் பன்மடங்காயிற்று. போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், வலயங்களை ஆராய்ந்து கருத்துரைக்க ஓய்வுபெற்ற இந்தியத் தளபதி சதீஷ் நம்பியார் அழைக்கப்பட்டார். மக்கள் மீள்வதும் நெடுந்தூரப் பீரங்கிகளின் நிலையும் ஒன்றோடொன்று பிணைந்த பொருள்களாகவே அப்போது விவாதிக்கப்பட்டன.

2009 மே மாதத்திற் போர் முடிந்தது. பீரங்கியின் எட்டத்தைக் காட்டிய நியாயமும் அத்துடன் முடிந்திருத்தல் வேண்டும். ஆனால் 2013 ஏப்ரலில், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை எடுப்பதற்கான அறிவித்தல் வெளியிடப்பட்டது. இதனைக் குடிமக்களின் அளவையில் எழுதினால் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பரப்பாகும். சுன்னாகம், மல்லாகம் பகுதி நலன்புரி நிலையங்களில் இருபதாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தவர்கள் உட்பட, ஆயிரத்துக்கு மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்கான கோரிக்கை இன்னும் ஓயவில்லை.

அமைதிக் காலத்தில் ஒரு படைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? உலகின் பெரும் படைகள் இதனை இன்று கணினி மென்பொருளாற் கணிக்கின்றன. அமெரிக்கத் தரைப்படைக்கு இதற்கெனவே ஒரு திட்டமிடல் தொகுதி உண்டு. செருமானியப் படை தன் நிருவாகத்துக்கு, பெருந்தொழில் நிறுவனங்கள் கையாளும் எஸ்.ஏ.பி. மென்பொருளைப் பயன்படுத்துகிறது. நிலத்தேவைக் கணிப்பின் முறை எளியது. ஒரு படையணியில் எத்தனை பேர், எத்தனை வாகனம், எவ்வகை ஆயுதம் என்பன பதியப்படும். ஆளுக்கு இவ்வளவு உறைவிடம், வாகனத்துக்கு இவ்வளவு கொட்டகை, பயிற்சிக்கு இவ்வளவு வெளி என விதித்த நியமங்களால் அவை பெருக்கப்படும். வரும் தொகையோடு கையிலுள்ள நிலமும் கட்டடமும் ஒப்பிடப்படும். குறைவானால் பற்றாக்குறை, கூடினால் மிகை.

இம்முறையின் சிறப்பு அதன் மிகைப் பத்தியிலேயே உள்ளது. ஆள்தொகை குறைந்தால் தேவையும் குறைந்தேயாக வேண்டும். "பாதுகாப்புக்கு வேண்டும்" என்ற ஒரு சொல்லின் பின்னே கணக்கு மறைந்து நிற்க இயலாது. எனினும் கணினிக்குக் கொடுக்கப்படாத எதனையும் அது அறியாது. காணியின் பெயரும், கிணற்றுப் பங்கும், முகாமிற் காத்திருப்பவனின் உறுதியும் படைத்தேவைப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. தோம்பின் குறை புதிய கருவியிலும் தொடரக்கூடும்.

சட்டத்திலும் ஒரு மிகைப் பத்தி உண்டு. 1979ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு, எடுத்த காணியை உரியவரிடம் மீள ஒப்படைக்க இடந்தருகிறது. நட்டஈடு வழங்கப்பட்டிருத்தலாகாது, காணி பொதுத்தேவைக்குப் பயன்பட்டிருத்தலாகாது, அதில் அபிவிருத்தி எதுவும் செய்யப்பட்டிருத்தலாகாது, உரியவர் எழுத்து மூலம் இணங்குதல் வேண்டும். இந்நிபந்தனைகளின்படி, எடுத்த காணியில் எழும் ஒவ்வொரு கட்டடமும் அது திரும்பும் வழியை அடைக்கிறது. ஆகவே தேவையைக் காலந்தாழ்த்தாது மீளக் கணிப்பது உரிமையோடு நேரடித் தொடர்புடையது.

போத்துக்கேயர் முதல் இன்றுவரை ஒவ்வொரு படையும் தன் தேவையைக் கணித்தே நிலம் கொண்டது. தேவை முடிந்த நாளை எழுதி வைக்கும் ஏடு மட்டும் எக்காலத்தும் திறக்கப்படவில்லை. படையின் தேவையும் குடியின் உறுதியும் ஒரே ஏட்டில் எதிரெதிர்ப் பத்திகளாக எழுதப்படும்போதே நிலக்கணக்கு நேர்மையான கணக்காகும். பீரங்கிக்கென விடப்பட்ட முற்றவெளியில் இன்று பிள்ளைகள் விளையாடுகின்றனர். முனியப்பர் கோயிலுக்கு மக்கள் வருகின்றனர். படைக்கென ஒதுக்கிய நிலம் மீண்டும் மக்களுடையதாதல் இயலும் என்பதற்கு இக்குடாநாட்டிலேயே சான்று உண்டு. பலாலியைச் சூழ்ந்த செம்மண்ணும் அக்கணக்கை எதிர்நோக்கியே காத்திருக்கிறது.