க்ரூஸ் கப்பல் நிற்கும் ஒரு பகல்... பிரான்ஸின் வில்ஃப்ரான்ஷை நடந்தே சுத்தலாம் வாங்க!

மத்திய தரைக்கடல் க்ரூஸ் அட்டவணையில் 'நீஸ்' அல்லது 'மொனாக்கோ' என்று போட்டிருப்பார்கள். காலையில் எட்டிப் பார்த்தால், பல நேரம் கப்பல் நிற்பது இரண்டுக்கும் நடுவே உள்ள வில்ஃப்ரான்ஷ்-சுர்-மேர் என்ற குட்டிக் கடற்கரை ஊரில்!

இறங்கியதும் நிறைய பேர் ரயிலைப் பிடித்து பெரிய ஊர்களுக்கு ஓடுவார்கள். கையில் இருப்பது அரை நாள்தானா? பேசாம இந்த ஊரிலேயே நடங்க. அதுதான் லாபம், டென்ஷனும் இல்லை.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

இங்கே கப்பல் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். 'டெண்டர்' எனப்படும் சிறு படகில்தான் கரைக்கு வர முடியும். அதனால் கப்பல் கிளம்பும் நேரத்தைவிட, கடைசி டெண்டரின் நேரம்தான் முக்கியம். இறங்கும்முன் அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கப்பல் நிறுவனம் அழைத்துப்போகும் டூர் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நாமாகச் சுற்றப்போய் லேட்டானால் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போகணும்.

முதல் ஒரு மணி நேரம்

படகுத்துறையிலிருந்து ஒரு சில நிமிட நடையில் புனித பீட்டர் சிற்றாலயம். மீனவர்கள் வலைகளை வைத்திருந்த இடம் இது. கலைஞர் ழான் கொக்தோ இதன் சுவர்களில் வரைந்த ஓவியங்கள் 1957-ல் முடிந்தன. உள்ளே போக சிறு கட்டணம் உண்டு. வார விடுமுறையும் மதிய இடைவேளையும் இருப்பதால், காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இருட்டுத் தெரு

படிகளில் ஏறினால் 'ரூ ஒப்ஸ்க்யூர்'. பெயருக்கு அர்த்தமே 'இருட்டுத் தெரு'தான். 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, வீடுகளுக்கு அடியில் சுமார் 130 மீட்டர் ஓடுகிறது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு நடந்தபோது ஊர்மக்கள் பதுங்கியது இங்கேதான். கட்டணம் கிடையாது. கோடை வெயிலிலும் செம குளிர்ச்சி!

கோட்டையும் கடற்கரையும்

1543-ல் பார்பரோசாவின் ஒட்டமான் கப்பற்படை இந்த விரிகுடாவில் வந்து நின்றது. அப்போதுதான் இந்தக் கரை எவ்வளவு பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்பது புரிந்தது. பிறகு சவோய் கோமகன் 1557-ல் கட்டத் தொடங்கியதுதான் செயின்ட் எல்ம் கோட்டை. இன்று நகராட்சி அலுவலகமும் அருங்காட்சியகங்களும் இதற்குள் இயங்குகின்றன. மதில் மேலிருந்து மொத்த விரிகுடாவும், நீங்கள் வந்த கப்பலும் தெரியும்.

கடலில் கால் நனைக்கணுமா? படகுத்துறையிலிருந்து எதிர்த் திசையில் கால் மணி நேரம் நடந்தால் மரினியேர் கடற்கரை. வழியில் பசித்தால், கொண்டைக்கடலை மாவில் சுடும் 'சொக்கா' கிடைக்குதான்னு கேளுங்க. சைவம்தான், நம்ம அடை ஞாபகம் வரும்.

மறக்கக்கூடாதவை

* இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா தேவை. கப்பல் நடுவில் துருக்கி, துனிசியா போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்பினால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்கணும்.

* கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் யூரோ சில்லறை கையில் இருக்கட்டும்.

* எங்கு பார்த்தாலும் கல் படிகள். பிடிமானமுள்ள ஷூ போடுங்க. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கடலோரப் பாதையே போதும்.

* கடைசி டெண்டருக்கு ஒரு மணி நேரம் முன்பே படகுத்துறைக்கு வந்துடுங்க. வரிசை நீளமா இருக்கும்!